நாயைக் குளிப்பாட்டலாம்; நாணயத்தைக் குளிப்பாட்டலாமா?

கேள்வி: என்னிடம் ஒரே ஆண்டில், ஒரே நாணய அச்சுச்சாலையில் வெளிவந்த இரண்டு மோர்கன் வெள்ளி டாலர்கள் (பழைய அமெரிக்க நாணயங்கள்) இருக்கின்றன. தர மதிப்பீட்டு நிறுவனம் 70க்கு ஒன்றுக்கு 64, மற்றொன்றுக்கு 62 என்று எண் கொடுத்திருக்கிறது. என் கண்ணுக்கோ 62 தான் அழகு. நான் நாய்க் கண்காட்சிகளில் பங்கேற்பவள். அங்கே ஒரு நடுவரிடம் தோற்ற நாய் அடுத்த வாரம் இன்னொரு நடுவரிடம் வெல்வது சாதாரணம். அதுபோல இந்த நாணயத்தையும் திரும்ப அனுப்பிப் பார்க்கலாமா? அனுப்புமுன் கழுவித் துடைத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். உங்கள் பழக்கம் இங்கே உங்களுக்கே எதிரி. கண்காட்சி வளையத்துக்குள் வரும் நாயைக் குளிப்பாட்டி, வாரி, இனத்துக்கேற்ப ரோமத்தைக் கத்தரித்துக் கொண்டுவருவது கடமை. நாணயத்தில் அதே அக்கறை குற்றம். நாணயம் அடிக்கும்போது அச்சுக்கட்டையின் அழுத்தத்தில் வெள்ளி வெளிநோக்கிப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் நுண்ணிய கோடுகள்தான் நாணயத்தைச் சாய்த்தால் சக்கரத்தின் ஆரங்கள்போல் ஒளி சுழல்வதற்குக் காரணம். துணியால் ஒருமுறை துடைத்தாலும் அதன்மேல் மயிரிழைக் கீறல்கள் விழுந்துவிடும். வெள்ளி மெருகுக் கரைசலில் முக்கினால் கறையோடு மேற்பரப்பு உலோகமும் சிறிது கரையும். இரண்டையும் பிறகு சரிசெய்ய வழி கிடையாது. சுத்தம் செய்யப்பட்ட நாணயம் என்று கண்டுபிடித்தால், பெரும்பாலும் எண்ணே தராமல் குறைபாட்டைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். நாய்க்குச் சாயம் பூசினால் தகுதிநீக்கம் செய்வதற்கு இணையானது இது.

அதைத் தவிர்த்துப் பார்த்தால், உங்கள் ஒப்பீடு பாதி தூரம் சரியாகவே போகிறது. நடுவர் நாய்களை மனம்போனபடி தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு நாயையும் அதன் இனத்துக்கு எழுதிவைத்த இலக்கணத்தோடு பொருத்திப் பார்க்கிறார். டாக்ஸுண்டின் குட்டைக் கால் குறையல்ல. நாணயத்திலும் அப்படித்தான். நியூ ஆர்லியன்ஸ் அச்சுச்சாலையின் மோர்கன்கள் பல மங்கலாகவே அடிக்கப்பட்டவை: முன்பக்கத்துச் சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள முடியும் பின்பக்கத்துக் கழுகின் மார்பிறகுகளும் தட்டையாக இருக்கும். 1880களின் தொடக்கத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் அடித்தவை பொதுவாகக் கூர்மையானவை. இரண்டையும் ஒரே எதிர்பார்ப்போடு பார்ப்பவர் மதிப்பீட்டாளராக நிலைக்க முடியாது.

ஒப்பீடு முறியும் இடம் வேறு. நாய்க் கண்காட்சியில் அன்று வந்தவற்றுள் யார் மேல் என்பதே முடிவு. போட்டி பலவீனமாக இருந்தால் சுமாரான நாயும் பரிசோடு போகும். நாணயத்துக்குப் பக்கத்தில் போட்டியாளர் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள், உரிமையாளர் யாரென்று தெரியாமல், தனித்தனியாகப் பார்த்து எண் போடுகிறார்கள். பிறகு அந்த எண் பிளாஸ்டிக் உறையில் நாணயத்தோடு அடைபட்டு, நிரந்தரமான உண்மைபோல் தோற்றம் தருகிறது. அந்தத் தோற்றத்தை நம்பிவிடாதீர்கள். 1 முதல் 70 வரையிலான இந்த அளவுகோலை 1949இல் நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் முன்வைத்தது அமெரிக்கப் பெரிய செப்பு சென்ட்டுகளின் விலையைக் கணிக்கத்தான். 70 பெற்றது 1 பெற்றதைப்போல 70 மடங்கு பெறும் என்பது கணக்கு. விலைக் கணக்கு பொய்த்தது, எண் மட்டும் தங்கிவிட்டது. 60 முதல் 70 வரை எல்லாமே புழக்கத்துக்குப் போகாத நாணயங்கள்தாம். அந்தப் பதினொரு படிகளுக்குள் 62, 63 போன்ற அடுத்தடுத்த எண்களைப் பிரிப்பது அளவீடல்ல, பழகிய கண்ணின் தீர்ப்பு. எனவே எல்லையில் நிற்கும் நாணயம் இரண்டாம் முறை வேறு எண் பெறுவது உண்டு.

இனி உங்கள் 62. மேல் விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு மேசை விளக்கின்கீழ் உறையோடு அதைச் சாய்த்துச் சுழற்றுங்கள். வெற்றுப்பரப்பில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் எண் அங்கேதான் இறங்கியிருக்கிறது. நேர்வெளிச்சத்தில் அவை மறைந்துவிடும், அதனால்தான் உங்கள் கண்ணுக்கு அது அழகு. அடுத்து தேவியின் கன்னத்தைப் பாருங்கள். மோர்கன்கள் மூட்டைகளில் ஒன்றோடொன்று மோதிக் கிடந்தவை. முடியில் விழுந்த தழும்பு சுருள்களில் ஒளிந்துகொள்ளும். அதே தழும்பு கன்னத்தில் விழுந்தால் ஓரிரு எண்களைத் தின்றுவிடும். ஐந்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். அதற்கு மேல் போனால் எல்லா நாணயமும் போர்க்களமாகத் தெரியும்.

கோடுகளும் இல்லை, கன்னமும் சுத்தம், ஒளியும் தடையின்றிச் சுழல்கிறது என்றால் மட்டும் மறுமதிப்பீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் முதலில் 62க்கும் 63க்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கட்டணம், அஞ்சல், காப்பீடு ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் ஆண்டென்றால் பெரும்பாலும் செலவுதான் மிஞ்சும். அரிய ஆண்டென்றால் கதை வேறு. உறையை உடைத்து அனுப்பவே வேண்டாம்: கையிலிருக்கும் 62உம் போய், 61 வந்தால் யாரிடமும் முறையிட முடியாது. உறையோடே மறுபரிசீலிக்கும் வசதி உண்டா, அதில் எண் இறங்கவும் கூடுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.