காம்படியில் வெடித்த ராட்சதப் பூசணி: மருந்து வாங்கும் முன் டார்ச்சை எடுங்கள்

கேள்வி: மகரந்தம் சேர்த்து 30 நாளான என் ராட்சதப் பூசணியில் காம்பை ஒட்டி விரல் நீளத்துக்கு வெடிப்பு விட்டிருக்கிறது. விதை விற்றவர், வெடிப்பை அடைக்கும் பேஸ்ட்டும் காய் பெருக்க டானிக்கும் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? காய் போட்டிக்குத் தேறுமா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். காய் தேறுமா என்பதை முடிவு செய்வது வெடிப்பின் நீளமல்ல, ஆழம். டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் வெளிறிய சதை தெரிந்தால் பயமில்லை, காய் தொடர்ந்து வளரட்டும். இருட்டாக வெற்றிடம் தெரிந்தால் வெடிப்பு விதைக்குழி வரை போய்விட்டது. அந்தக் காயைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். கம்பி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டாம். இல்லாத ஓட்டையை நீங்களே போட்டுவிடுவீர்கள்.

சதையோடு நின்ற வெடிப்பைக் காயவிடுவதுதான் வைத்தியம். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, சிறிய மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். கேப்டான் பூஞ்சைக்கொல்லித் தூளைச் சில சொட்டுத் தண்ணீரில் பற்பசைப் பதத்துக்குக் குழைத்து, கையுறை போட்டுக்கொண்டு தடவுங்கள். மருந்து தடவிய காயைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத்தில் பூஞ்சைக்கொல்லி தடவுவது தவறல்ல. ஆனால் எடைமேடைக்குப் போகும்போது அது காயில் இருக்கக் கூடாது. மண், சுவர் வெடிப்பை அடைக்கும் புட்டிப் பசை, இடுக்கை அடைக்கும் கால்க்கிங் பசை, பூஞ்சைக்கொல்லி எல்லாமே போட்டி விதிகளில் அந்நியப் பொருள்தான். தூளைக் குழைத்தது என்றால் கழுவினால் போய்விடும். விதை விற்றவர் தரும் பேஸ்ட் இறுகிப் பிடித்துக்கொண்டால், அதைச் சுரண்டும்போது சதையும் சேர்ந்து வரும். ஓட்டையை மறைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். நடுவர்கள் காயைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பார்ப்பார்கள். பூ இருந்த முனையில், கண்ணுக்குத் தெரியாமல் வெடிப்பு ஒளிந்திருப்பது சகஜம். மாதக்கணக்கில் காத்த காயை நூலிழை ஓட்டைக்காக, அழுகிய காயோடு சேர்த்து ஒதுக்குவது என்ன நியாயமோ! இருந்தாலும் விதி அதுதான்.

வெடிப்பு ஏன் வந்தது? உச்ச வளர்ச்சியில் நல்ல காய் ஒரே நாளில் 20 கிலோ கூட ஏறும். காம்பைச் சுற்றியுள்ள காயின் தோள்பகுதி உயர உயரக் காம்பு மேலே இழுபடும், ஆனால் கொடியோ கணுக்களில் விட்ட கணுவேர்களால் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். காய்க்கு இரு பக்கமும் சுமார் 1 மீட்டர் தூரத்துக்குக் கணுவேர்களை நறுக்கிக் கொடியை விடுவியுங்கள். காலையில் கொடி விறைப்பாக இருக்கும், ஒடிந்துவிடும். பிற்பகல் வெயிலில் துவண்டிருக்கும்போது செய்யுங்கள். ஒரேயடியாக இழுக்காமல், நாளுக்குக் கொஞ்சமாகக் கொடியைக் காயிலிருந்து விலக்கி, காம்புக்கும் கொடிக்கும் இடையே செங்கோணம் வரச் செய்யுங்கள்.

தண்ணீரை அடியோடு நிறுத்தாதீர்கள். காயப்போட்டுவிட்டு ஒரு நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால்தான் காய் வெடிக்கும். தினமும் ஒரே அளவு கொடுங்கள். தழைச்சத்தை இப்போதே குறைத்து, சாம்பல்சத்துக்கு மாறுங்கள். வெயில் நேரே பட்டால் தோல் இறுகி, விரிய முடியாமல் கிழியும். காய்க்கு மேல் நிழல்வலை கட்டுங்கள்.

டானிக் விஷயத்துக்கு வருகிறேன். கொடியைக் கீறித் திரி வைத்துப் பாலோ சர்க்கரைத் தண்ணீரோ ஊட்டச் சொன்னாலும் கேட்காதீர்கள். எடை கூடாது, கீறிய இடத்தில் அழுகல் புகும். காய்க்கு வேண்டிய சர்க்கரையை இலைதான் தயாரிக்கிறது, அதனால் இலையில் சாம்பல்நோய் வராமல் பார்த்துக்கொள்வதே உண்மையான டானிக்.

விதை விற்ற அந்த ஆளிடம் விதையின் வம்சத்தையும் கேளுங்கள். போட்டி விதை என்றால் தாய்க்காயின் எடை, வளர்த்தவர் பெயர், ஆண்டு, எந்தக் கொடியின் மகரந்தம் என்ற நான்கும் சொல்ல வேண்டும். கனடாவில் ஹோவர்ட் டில் உருவாக்கிய அட்லாண்டிக் ஜயன்ட் ரகத்தின் சாதாரணப் பாக்கெட்டைப் பிரித்து, சாம்பியன் விதை என்று ஒவ்வொன்றாக விற்கிறார்கள். விதையைப் பார்த்து யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. இதைத் தட்டிக்கேட்க ஓர் அமைப்பும் முன்வராதது எரிச்சலாக இருக்கிறது. அடுத்த பருவத்துக்கு, எடை பதிவான காயை வளர்த்தவரிடமே நேரில் கேட்டு வாங்குங்கள்.