ஜெயநகர் மொட்டைமாடியில் கேபிபரா: கேட்டவருக்குப் பதில்

மகளின் ஆசைக்காக ஜெயநகர் வீட்டு மொட்டைமாடியில் தொட்டி கட்டி ஒரேயொரு கேபிபரா (உலகின் மிகப் பெரிய கொறித்துண்ணி) வளர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். காணொளிகளில் காணும் அதன் சாந்தம், தென்னமெரிக்க ஆற்றோரங்களில் பத்து இருபதாகக் கூடி மேய்ந்து, ஆபத்தைக் கண்ட ஒன்று நாய்போல் குரைத்ததும் எல்லாம் நீரில் பாய்ந்துவிடும் கூட்டு வாழ்க்கையில் வேரூன்றியது. தனியே அடைத்தால் அது மருண்டு வாடும். கண், காது, மூக்குத் துளை மூன்றும் தலையின் மேற்புறம் அமைந்திருப்பதும், விரல்களிடையே சவ்வு இருப்பதும், 5 நிமிடம் வரை மூழ்கியிருக்க முடிவதும் அது நீருக்கான உடல் என்பதைக் காட்டும். ஏறக்குறைய 50 கிலோ எடைக்கு வளர்ந்து, தொட்டி நீரிலேயே கழிவையும் விடுவதால், லாரித் தண்ணீரை நம்பும் நம் ஊரில் அந்நீரைத் தூய்மையாக வைப்பது இயலாத காரியம்.

அதன் குடும்பத்தைச் சேர்ந்த கினிப் பன்றிகள் என்னும் சிறு கொறித்துண்ணிகள் இரண்டை வளர்க்கலாம். எங்கள் வீட்டில், கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சரசரப்புக்கே அவை கீச்சிட்டுக் கம்பியருகே ஓடிவரும். உலர்புல் எப்போதும் இருக்கட்டும். வைட்டமின் சியை அவற்றின் உடல் தானே உண்டாக்காது என்பதால் குடைமிளகாய்த் துண்டு அன்றாடம் கொடுங்கள்.