பேசிக்கொண்டே பில் போடலாமா?

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, குமுளியில் உள்ள ஓர் ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போகிறேன். காலையிலிருந்து தொலைபேசி ஓயாது. தோட்டக்காரர்கள் எடை சொல்வார்கள், வியாபாரிகள் விலை கேட்பார்கள். பேசிக்கொண்டே பில் போடுவது எனக்குப் பழகிவிட்டது. சென்ற மாதம் ஒருவர் 260 கிலோ என்றதைக் காய்ந்த காய் என்று எழுதிவிட்டேன். அவர் சொன்னது பச்சைக்காய். இரவில் ஈரச் சாக்குகள் வந்து இறங்கியபோது உலர்த்தும் அறையில் இடமில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படிச் செய்தால் அன்றாட வேலை முடியுமா?
– ஒரு வாசகி, கம்பம்

பதில்: முடியாது. தொலைபேசி, பில், கல்லா மூன்றையும் ஒரே ஆள் பார்க்கும் கடையில் உங்கள் முதலாளியின் கட்டளை மதியம் வரைகூடத் தாங்காது. ஆனால் அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ காய் கிடைக்கும் என்பதால், நீங்கள் எழுதிய 260 கிலோ உண்மையில் ஐம்பது கிலோவை ஒட்டியதுதான். நீங்கள் தவறவிட்டதோ ‘பச்சை’ என்ற ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல் உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. பில் போடுவது கைவேலை போலத் தோன்றினாலும் அது சொல்லும் எண்ணும் சேர்ந்த வேலை. எதிர்முனையில் இருப்பவர் பேசுவதும் சொல்லும் எண்ணும்தான். இரண்டும் மனத்தின் ஒரே வாசலில் நுழையப் பார்க்கின்றன. லண்டனைச் சேர்ந்த ஆய்வாளர் காலின் செர்ரி 1953-இல் வெளியிட்ட ஆய்வில், காதுக்கு ஒன்றாக இரண்டு பேச்சுகளை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் கேட்டுத் திருப்பிச் சொல்லும்படி ஆட்களிடம் கேட்டுக்கொண்டார். மற்றக் காதில் ஒலித்த பேச்சு நடுவில் ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. தமிழில் தொடங்கி, அறியாமலேயே மலையாளத்துக்குத் தாவிப் பேசி முடிக்கும் தோட்டக்காரர்களிடம் நாள் முழுவதும் பேசும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, பில்லில் கண் வைத்தபடி நீங்கள் சொல்லும் ‘சரி’ இரண்டு மொழிகளிலும் ஒரே பொருள் தருவதால், எல்லாம் பதிவாகிவிட்டது என்று நம்பி அவர் தொலைபேசியை வைத்துவிடுகிறார்.

எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து வந்த அழைப்பை எடுத்துப் பேசிக்கொண்டே ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். அனுப்பும் முன் படித்துப் பார்த்தால் நடுவரியில் ‘தேங்காய் இரண்டு’ என்றிருந்தது.

ஆகவே பேசும்போது சொற்கள் இல்லாத வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரிக் காயிலிருந்து காம்பும் தூசியும் பொறுக்கலாம், எடைச்சீட்டுகளை அடுக்கிக் கம்பியில் கோக்கலாம், மேசையைத் துடைக்கலாம். இவற்றால் பேச்சுக்குப் பெரிய கெடுதல் இல்லை. இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆண்ட்ரேட், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றை 40 பேரைக் கேட்க வைத்தார். கேட்டபடியே காகிதத்தில் வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்கள், சும்மா இருந்து கேட்டவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அது சலிப்பான செய்தி. விலை பேசும் அழைப்பு அப்படிப்பட்டதல்ல; அப்போது காயைக்கூடக் கீழே வைத்துவிடுவது நல்லது.

பாதி பில்லில் அழைப்பு வந்தால், அந்த வரியை முடித்து ஒரு புள்ளி வைத்துவிட்டு எடுங்கள். நான்கு முறை மணி அடித்த பிறகு எடுத்தால் எந்தத் தோட்டக்காரரும் கோபிக்க மாட்டார். அவர் எண் சொல்லத் தொடங்கியதும் பென்சிலை எடுத்து, பில் புத்தகத்தில் அல்லாமல் தனித்தாளில் எழுதுங்கள். எழுதியதைத் திருப்பிச் சொல்லும்போது, “இருநூற்று அறுபது” என்று மட்டும் சொல்லாமல், “இரண்டு, ஆறு, பூஜ்யம், பச்சைக்காய், இன்று இரவு” என்று சொல்லுங்கள். மலைப்பகுதியில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது அறுபதும் இருபதும் ஒன்றுபோலவே கேட்கும், அதுவும் இரண்டு மொழிகளிலும். இதற்குப் பத்து விநாடிகூட ஆகாது. பச்சைக்காய் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் உலர்த்தும் அறையில் அன்று மாலையே இடம் ஒதுக்கியிருக்கலாம், அல்லது சாக்குகளைக் காய் உலர்த்தும் வேறு ஸ்டோருக்குத் திருப்பியிருக்கலாம்.

கேள்வி: ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் வேலை செய்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாதா?
– மாட்டுத்தீவனக் கடைக்காரர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கைகளுக்குத் தீரும், கவனத்துக்குத் தீராது. மூட்டையை இறக்கி அடுக்கும்போது ஸ்பீக்கரில் பேசலாம். மூட்டைகளை எண்ணும்போது கூடாது, ஏனென்றால் எதிர்முனையில் ஒருவர் எண் சொன்ன அந்தக் கணமே உங்கள் எண்ணிக்கை கலைந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். கோயம்புத்தூர்க்காரர் உங்களுக்குச் சொல்லும் மொத்த விலையை, கல்லாவுக்கு முன்னால் தவிட்டு மூட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்பவரும் சேர்ந்தே கேட்பார்.