ஈயச்சொம்பில் இருப்பது எந்த ஈயம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாட்டியின் ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா, ஈயம் நஞ்சாயிற்றே என்று கேட்டிருக்கிறீர்கள். நஞ்சு காரீயம். ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது வேறு தனிமம், அணு எண் 50. மலாய்க்காரர்களும் இதைத் தீமா என்றும் காரீயத்தைத் தீமா ஹித்தாம், அதாவது கறுப்பு ஈயம், என்றும் பிரிக்கிறார்கள். நம் பெயரும் அதே கண்ணால் பார்த்து வைத்ததுதான்! வெள்ளீயத்தின் குறியீடு எஸ்என், ஸ்டானம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கிறீச்சிடும். உள்ளே படிகங்கள் நெளிகிற சத்தம் அது. 232 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். அதனால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதீர்கள், ரசம் ஊற்றிய பிறகே தீ. அப்புறம் ஒன்று: மலிவுச் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம். பாட்டியுடையது பழையதென்றால், சோதித்துப் பார்க்கும்வரை அதில் சமைக்க வேண்டாம்.