வேறு யார் சாப்பிடுகிறார்கள்?

அன்புள்ள அக்கா,

வணக்கம். திருப்பூரில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு மூன்றரை வயது, எடை 13 கிலோ. பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள், நிறுத்தினால் இறுக மூடிக்கொள்கிறாள். அரை தோசைக்கு ஒரு மணி நேரம். எதுவும் இறங்கவில்லையே என்று ஹெல்த் ட்ரிங்க் பவுடர் போட்டு மூன்று வேளையும் ஒரு டம்ளர் பால் கொடுக்கிறோம். அதை மட்டும் மறுப்பதில்லை. நடுவில் பிஸ்கட். போன் வேண்டாம் என்றால் மாமியார், "நாங்க நிலாவைக் காட்டி ஊட்டலையா? இப்ப போனு, அவ்வளவுதான்" என்கிறார். அவரும் பாவம், இவளைத் தூங்கவைத்துவிட்டு மூன்று மணிக்குத்தான் சாப்பிடுகிறார். கணவர் வர இரவு ஒன்பதரை ஆகும். நான் அடுப்படியில் நின்றபடியே எதையாவது போட்டுக்கொள்வேன். இவளைச் சாப்பிடவைக்க ஒரு வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

மாமியார் மூன்று மணிக்குச் சாப்பிடுவதையும் நீங்கள் நின்றபடி சாப்பிடுவதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ விஷயமே அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் எடை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் மூன்றரை வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 15 கிலோ. 13 என்பது கொஞ்சம் கீழே, ஆனால் இயல்பான எல்லைக்குள்தான். முதல் ஒரு வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்காகிற பிள்ளை, இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்கு 2 கிலோ அளவில்தான் ஏறும். வளர்ச்சி நிதானமானால் பசியும் குறையும். "முன்னாடியெல்லாம் நல்லா சாப்பிட்டா, என்னமோ ஆயிருச்சு" என்று நம் வீடுகளில் மிளகாய் சுற்றிப் போடுவது இந்த வயதில்தான்.

அடுத்து அந்த மூன்று டம்ளர். ஒரு டம்ளர் 200 மில்லி என்றால் பாலே 400 கலோரி பக்கம் வரும். பவுடரும் சர்க்கரையும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டும். அவள் வயதுக்கு ஒரு நாளைக்கு 1,200 கலோரி போதும். அதில் கிட்டத்தட்ட பாதியைக் குடித்தே முடித்துவிட்டு, பிஸ்கட்டும் தின்றவள் தோசையைப் பார்த்து ஏன் வாயைத் திறக்க வேண்டும்? பசி இல்லை, அவ்வளவுதான். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற வகையிலிருந்து எடுத்துவிடும்படி இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. பேர் வைத்தது விற்கிறவர்கள்.

நிலா விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. அதுவும் பராக்குக் காட்டுவதுதான். ஆனால் நிலாவைப் பார்த்த பிள்ளை உடனே ஊட்டுகிறவர் முகத்தைப் பார்க்கும், பேசும், போதும் என்றால் தலையைத் திருப்பிக்கொள்ளும். போன் ஓடும்போது வாய் தானாகத் திறக்கிறது. வயிறு கேட்டுத் திறந்த வாய் இல்லை அது. என்ன சாப்பிட்டாள், எப்போது நிறைந்தது என்பதே அவளுக்குத் தெரியாது.

1920-களில் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த பிள்ளைகள், மொத்தம் 15 பேர். தானியம், காய், பழம், பால், முட்டை, மீன், இறைச்சி என்று முப்பதுக்கும் மேற்பட்ட வகைகள், சில பச்சையாக, மற்றவை எளிமையாகச் சமைத்தவை. வேளைக்குச் சிலவற்றைக் கிண்ணங்களில் எடுத்துக் குழந்தைமுன் வைப்பார்கள். பக்கத்தில் கரண்டியோடு ஒரு செவிலி. அவர் 'இதைச் சாப்பிடு' என்று சொல்லக் கூடாது, மெச்சக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. குழந்தை கையை நீட்டினால் மட்டும் அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி. அதுவும் வாயைத் திறந்தால்தான். ஆரஞ்சுச் சாறும் ஈரலும் காலை உணவு, முட்டையும் வாழைப்பழமும் பாலும் இரவு உணவு என்றெல்லாம் நடந்திருக்கிறது. எங்கள் அம்மாச்சி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். குழந்தைகளை இப்படி வீட்டிலிருந்து பிரித்து வைத்துப் பார்க்க இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அது வேறு. 1939-இல் இதைப் பற்றிப் பேசிய டேவிஸ், சூட்சுமம் பட்டியலில்தான் இருந்தது என்றார். அதில் சர்க்கரை இல்லை, மைதா இல்லை, டப்பா உணவு இல்லை. எதை வைப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள், எவ்வளவு என்பதைப் பிள்ளைகள். நம் வீடுகளில் இது தலைகீழ். பிஸ்கட்டா பாலா என்பதைக் குழந்தை முடிவு செய்கிறது, எத்தனை வாய் என்பதை நாம் எண்ணுகிறோம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஒருவர் பசியோடு உட்கார்ந்து, பிசைந்து, ருசித்துச் சாப்பிட்டு, போதும் என்று எழுந்திருப்பதை உங்கள் மகள் என்றைக்காவது பார்த்திருக்கிறாளா? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இல்லை. அந்த வீட்டில் சாப்பாடு என்பது அவள் ஒருத்திக்கு மட்டும் நடக்கிற காரியம், மருந்து புகட்டுகிற மாதிரி.

மாமியாரிடம் "போனைக் கொடுக்காதீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். பேத்தி இளைத்தால் சொந்தபந்தம் கேட்கப்போவது அவரைத்தான். "மூணு மணி வரைக்கும் பட்டினி கிடக்காதீங்க அத்தை, இவகூடவே உக்காந்து சாப்பிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பன்னிரண்டரைக்கு இரண்டு தட்டு. போன் வேறு அறையில். தரையில் ஒரு பழைய சேலையை விரித்துவிட்டால் போதும், கீரைக் கடைசலையும் சோற்றையும் முழங்கை வரை பூசிக்கொள்வாள், பூசட்டும். நாலு வாய் உண்டுவிட்டு எழுந்தால் விட்டுவிடுங்கள். இருபது நிமிடம் போதும். இரவு ஏழரைக்கு நீங்கள் அவளோடு உட்காருங்கள். கணவருக்குக் காலையில் பத்து நிமிடம் கிடைக்காமலா போகும்?

பாலை முதலில் இரண்டு டம்ளர் ஆக்குங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம். பிஸ்கட்டை அவளிடம் மறுப்பதைவிட மளிகைச் சீட்டிலிருந்து அடித்துவிடுவது சுலபம். புதுக் காயை அவள் தொடாவிட்டால் விட்டுவிடாதீர்கள், வற்புறுத்தவும் வேண்டாம். பத்து முறை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும்.

முதல் சில நாள் அழுவாள், கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாள். ராத்திரி ஒன்பது மணிக்கு 'வெறும் வயிற்றோடு படுக்கிறாளே' என்று கை தானாகப் பால் டம்ளருக்குப் போகும். பெரும்பாலான வீடுகளில் முயற்சி படுத்துவிடுவது அந்த நேரத்தில்தான். ஒரு நாள் கணக்கைப் பார்க்காதீர்கள், வாரக் கணக்கைப் பாருங்கள்.

ஆனால் எடை இறங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, முகம் வெளுத்திருந்தாலோ, மண், சுண்ணாம்பு, பச்சரிசி என்று தேடித் தின்றாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள். பாலிலேயே வயிறு நிரப்பும் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து குறைவது சகஜம், அந்தக் குறையே பசியை மந்தமாக்கும். பவுடர் டப்பாவை அவராக எழுதிக் கொடுத்தால் ஒழிய, இருப்பது தீர்ந்ததும் அடுத்தது வாங்காதீர்கள்.