லாக்கருக்குள் ஒளிந்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி விடுமுறையில் ‘ஏலியன்: ஐசொலேஷன்’ என்ற திகில் வீடியோ கேமை விளையாடத் தொடங்கினேன். லாக்கருக்குள் எவ்வளவு நேரம் ஒளிந்திருந்தாலும் என்னைத் தேடும் அந்த ஏலியன் (வேற்றுலக மிருகம்) நான் இருக்கும் பக்கத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. நான் இருக்கும் இடம் அதற்கு முன்கூட்டியே தெரியுமா? ஆட்டம் ஏமாற்றுகிறதா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் சந்தேகத்தில் பாதி உண்மை. கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கி 2014 அக்டோபரில் சேகா வெளியிட்ட இந்த ஆட்டத்தில், ஏலியனுக்குப் பின்னால் இரண்டு மூளைகள், அதாவது கணினி நிரல்கள், வேலை செய்கின்றன. மேலே இருந்து இயக்கும் மூளைக்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் அது ஏலியனிடம் ‘இந்தப் பக்கம் போய்த் தேடு’ என்று மட்டுமே சொல்லும், எந்த லாக்கர் என்று சொல்லாது. அதற்குமேல் ஏலியன் தன் கண்ணையும் காதையும் நம்பித்தான் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே அது உங்களைப் பிடித்தால், பெரும்பாலும் நீங்கள் ஓடிய சத்தமோ கையில் இருந்த, அசைவைக் கண்டறியும் டிராக்கர் கருவியின் ‘பீப்’ ஒலியோதான் காட்டிக்கொடுத்திருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. ஏலியன் உங்கள் அருகிலேயே நெடுநேரம் இருந்து பதற்றம் ஓர் அளவைத் தாண்டினால், அந்த மேல் மூளையே அதைக் காற்றுக்குழாய்க்குள் திரும்ப அழைத்துக்கொள்ளும். நீங்கள் நகர வேண்டிய நேரம் அதுதான். ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று லாக்கரிலேயே உட்கார்ந்திருந்தால், சிறிது நேரத்தில் அது மறுபடியும் உங்கள் பக்கமே அனுப்பப்படும். நீங்கள் சொல்லும் ‘சுற்றிச் சுற்றி வருகிறது’ என்பதன் காரணம் இதுவே என்று நான் நினைக்கிறேன். வெளியே வந்ததும் ஓடாமல் குனிந்தே நடங்கள். கூரையில் இருக்கும் குழாய்த் துவாரத்திலிருந்து கோழைபோல் எச்சில் இழை இழையாக ஒழுகுவதைக் கண்டால் அதற்கு நேர் கீழே கால் வைக்காதீர்கள். உள்ளே அது காத்திருக்கிறது என்று பொருள். டிராக்கர் அசைவதை மட்டுமே காட்டும் என்பதால், திரையில் புள்ளி இல்லை என்பதை ஏலியன் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தீ உமிழும் கருவி கிடைத்தபின் அதை ஓயாமல் பயன்படுத்துவதும் நல்லதல்ல. ஏலியனைக் கொல்ல முடியாது, விரட்டத்தான் முடியும். திரும்பத் திரும்பச் சுட்டால் அதன் பயமும் தெளிந்துவிடும். இதை நான் இந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த அம்சமாகக் கருதுகிறேன், ஏனென்றால் ஒரே தந்திரத்தை நம்பிக் கடைசிவரை போக அது யாரையும் விடுவதில்லை.

இன்னொன்று: பிஎஸ் 4 (பிளேஸ்டேஷன் 4) விளையாட்டுக் கருவியில் அதன் கேமராவும், எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் கினெக்ட் என்ற உணரியும் இணைத்திருந்தால், உங்கள் அறையில் எழும் சத்தத்தையும் ஏலியன் கேட்கும்படி ஒரு வசதி உண்டு. தெருவை ஒட்டிய வீட்டில் குக்கர் விசிலுக்கும் ஹாரனுக்கும் நடுவே விளையாடுகிறீர்கள் என்றால், செட்டிங்கில் அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: பதின்மூன்று வயது மகன் இதே ஆட்டத்தை என் கைப்பேசியில் விளையாடுகிறான். இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள், அம்மா. அமெரிக்க வகைப்பாட்டில் 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், ஐரோப்பிய வகைப்பாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் உரியது இது; 2021 டிசம்பரில் கைப்பேசிக்கு வந்தபோதும் ஆட்டம் சுருக்கப்படவில்லை. ஆனால் பாதியில் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். இதில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது. சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியைத் தேடிப்போய், அட்டையைச் செருகி, மூன்று விளக்குகள் எரியும்வரை நின்றால்தான் சேமிப்பாகும். அந்தத் தொலைபேசிவரை சென்று அவன் சேமித்துக்கொள்ளட்டும், பிறகு கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.