கோட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது?

அன்புள்ள அம்மா,

வேலை நிமித்தமாக ஒரு வருடமாக மொரிஷியஸின் எபேனில் இருக்கிறேன். சொந்த ஊர் செஞ்சிக்குப் பக்கம். போன ஞாயிறு தலைநகர் போர்ட் லூயியில் உள்ள சிட்டாடெல் கோட்டைக்குப் போய் ஏமாந்து திரும்பினேன். கார் மேலேவரை போகிறது. உள்ளே ஒரு முற்றம், சுற்றிலும் அறைகள், நினைவுப்பொருள் கடைகள். களஞ்சியம் இல்லை, குளம் இல்லை, கோயில் இல்லை. ஒரு போர்கூட நடக்கவில்லையாம். இதையும் மலைக்கோட்டை என்பதா? இதைக் கட்டியவர்கள் புதுச்சேரிக் கொத்தனார்கள் என்று உடன் வந்த நண்பர் சொன்னார். உண்மைதானா?

ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

செஞ்சியின் ராஜகிரி மலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு எங்கள் குன்று மண்மேடாகத்தான் தெரியும். அதன் பெயரே பெத்தீத் மொந்தாஞ், சின்ன மலை. உங்கள் செஞ்சியில் மூன்று மலைகளை மதிலால் இணைத்திருக்கிறார்கள். சிவாஜியின் மகன் ராஜாராமை உள்ளே வைத்துக்கொண்டு அது முகலாயப் படையை ஏழாண்டுக்கு மேல் காக்க வைத்தது. முன்பொரு முறை வந்தபோது நான் ராஜகிரியில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த குரங்குகள் என் தோல்விக்குச் சாட்சி.

ஆனால் செஞ்சியின் அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் கணக்கு தப்பும். செஞ்சி வெளியிலிருந்து வருபவனுக்காகக் கட்டியது. சிட்டாடெல் கீழே குடியிருந்தவர்களுக்காகக் கட்டியது. அதுவும் அடிமைகளுக்கு அஞ்சி அல்ல, முதலாளிகளுக்கு அஞ்சி.

1810 டிசம்பரில் தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மதத்தையும் சட்டத்தையும் வழக்கங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்று சரணடைவு ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்தார்கள். கொடி மாறியது, தோட்டமும் முதலாளியும் மாறவில்லை. 1812இல் இரு தரப்பையும் ஒட்டவைக்க ஷான் தெ மார்ஸில் குதிரைப் பந்தயம் தொடங்கினார்கள். கோட்டை மதிலில் நின்றால் கீழே தெரிகிறதே, அந்த மைதானம்தான். கொஞ்ச காலம் பந்தயம் பலித்தது. அடிமைமுறை ஒழிப்புப் பேச்சு வந்ததும் பலிக்கவில்லை. 1832இல் ஜான் ஜெரெமி என்ற ஒழிப்பு ஆதரவாளர் அரசின் தலைமை வழக்கறிஞராக வந்திறங்கியபோது ஊரே கடையடைத்தது. தோட்ட முதலாளிகளிடம் ஆயுதமேந்திய தொண்டர் படை இருந்தது. ஆளுநர் அவரை வந்த வழியே அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அவர் மறுபடி வந்தார்.

இந்தப் பதற்றத்தில்தான் ஆளுநர் வில்லியம் நிக்கோலே 1834இல் கோட்டை வேலையைத் தொடங்கினார். மன்னர் நான்காம் வில்லியமின் மனைவி அடிலெய்டின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரை இங்கே சாதாரணமாக யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் அது சிட்டாடெல்தான். அங்கிருந்து துறைமுகமும் தெரியும், ஊரும் தெரியும். வந்த இடத்தில் எல்லோரும் கப்பலைப் பார்க்கிறார்கள். கட்டியவர்களுக்குக் கவலை தந்தது ஊர்.

வேலை முடிந்தது 1840இல். அதற்குள் பகை பணத்தில் தீர்ந்துவிட்டது. 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. முதலாளிகளுக்கு இழப்பீடாக 20 லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் 1839வரை பழைய எஜமானரிடமே உழைத்தார்கள். கையில் பணம் வந்த முதலாளி எதற்குக் கலகம் செய்வான்? போர் நடக்கவில்லை என்று வருத்தப்பட்டீர்கள். அந்தப் போரை முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிவிட்டார்கள். ஒரு குண்டும் வீணாகவில்லை.

கொத்தனார்கள் விஷயம். லா பூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக 1735இல் வந்த பிறகு புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தது உண்மை. போர்ட் லூயியின் கிழக்கே அவர்கள் குடியிருந்த பகுதிக்கு மலபார் முகாம் என்று பெயர். தமிழரை அன்று மலபார்கள் என்றார்கள். ஆனால் அது சிட்டாடெலுக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய கதை. நம் ஆட்களுக்குப் பழைய கல்லைக் கண்டாலே கை பரபரக்கும், இது நம்முடையது என்று எழுதிவைக்க. துறைமுக ஊரை எழுப்பிய பெருமை அவர்களுக்கு உண்டு, அது போதும். ஆங்கிலேயரின் அச்சத்தையும் அவர்கள் தோளில் ஏற்ற வேண்டாம்.

நமக்கும் கோட்டைக்கும் தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. கோட்டை வேலை தொடங்கிய அதே ஆண்டில், 1834 நவம்பரில், அட்லஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தது. பின்னால் சென்னையிலிருந்தும் வந்தார்கள். என் முன்னோர் அந்தக் கூட்டம். அவர்கள் ஏறிவந்த கருங்கல் படிகள் இருக்கும் அப்ரவாசி காட் என்ற பழைய இறங்குதுறை, கோட்டையிலிருந்து இறங்கினால் துறைமுகக் கரையில். அடுத்த முறை இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். முதலில் காட், பிறகு மேலே.

கடைகளைப் பற்றி நான் உங்களோடு சேரமாட்டேன். என் பாட்டி பந்தய நாட்களில் டிக்கெட் வாங்காமல் அந்தச் சரிவில் உட்கார்ந்து, கையில் வறுத்த கடலையோடு குதிரைகளைப் பார்த்தவர். காவல் காக்கக் கட்டிய இடத்தில் யாரோ ஒருவர் டோடோ பொம்மை விற்கிறார். விற்கட்டுமே. விலைதான் கொஞ்சம் அதிகம்.